தெக்குப் பக்கத்து ஜன்னல்

"மேல ஆம்பள ஏறுறோம்."

மலையாண்டிக் கொத்தனார் தினமும் காலையில் மூன்று திசைக்கும் திரும்பி நின்று இதைக் கத்துவார். கத்தியதும் ஏறிவிட மாட்டார். படிக்கட்டுக்கு அடியில் குந்தி ஒரு பீடியைப் பற்றவைப்பார். அது கரிந்து முடிவதற்குள் அக்கம்பக்கத்து முற்றங்களில் இருக்கிற பெண்கள் தலையை மூட வேண்டும், கொடியில் கிடக்கிற உள்துணியை இழுக்க வேண்டும், பாதிக் குளியலில் இருப்பவள் தட்டிக்குப் பின்னால் போக வேண்டும். கீழக்கரையில் தென்னை ஏறுகிறவனும் டிஷ் மாட்டுகிறவனும் இப்படிச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவான். கொடுக்காமல் ஏறியவனுக்கு மறுநாள் அந்தத் தெருவில் வேலை கிடையாது.

சில நாள் தெற்கு மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

"கொத்தனாரே, செத்த பொறும். தலையில சீயக்காயத் தேச்சுட்டேன்."

அது பக்கத்து வீட்டு ஷரீபா. மலையாண்டி பதில் சொல்ல மாட்டார். இத்தனை மாதத்தில் அந்தம்மாவின் குரலை மட்டும்தான் அவருக்குத் தெரியும். இன்னொரு பீடியை எடுப்பார்.

"அந்தம்மாவுக்கு முடி சாஸ்தி போலிருக்கு. கட்டுப் பீடி தீந்து போகுது" என்று சோலையம்மாளிடம் முனகுவார்.

சோலையம்மாள் அவர் சம்சாரம். அவரிடமே சித்தாள். பெண் என்பதால் அவளுக்கு இந்தச் சத்தம் கொடுக்கிற வேலை கிடையாது. அவர் பீடியை முடிப்பதற்குள் சும்மாட்டில் செங்கலை அடுக்கி நாலு நடை ஏறி இறங்கியிருப்பாள். "நீ குடி, உன் பீடியில ரெண்டு சுவரு எந்திரிச்சிரும்" என்பாள் போகிற போக்கில். இரண்டு பேரும் உத்தரகோசமங்கைப் பக்கத்து ஆட்கள். கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷம் வயல், இல்லாத வருஷம் கரணையும் கலவைச் சட்டியான பாண்டும். மூன்று வருஷமாகப் பாண்டுதான்.

மாடி கட்டுகிற வீடு ஜுனைதாவுடையது. அவள் உம்மா அவளுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்தது. அந்த ஊரில் வீடு மகளுக்குத்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஆண் பிள்ளையைப் பெற்றவன் பெட்டியைக் கட்டிக் கொடுத்தால் போதும், பெண்ணைப் பெற்றவன் வீட்டைக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஜுனைதாவுக்கு இரண்டும் பெண். கீழ்வீட்டை மூத்தவள் யும்னாவுக்கு எழுதியாயிற்று. அவள் மாப்பிள்ளை வசீம் கத்தாரில் இருக்கிறான். இளையவள் அஃபீஃபாவுக்கு ஸுஹைர் என்ற பையனைப் பேசி முடித்து, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று வைத்திருந்தார்கள். இடம் வாங்க வக்கில்லை. இருக்கிற மொட்டை மாடிதான் அஃபீஃபாவின் இடம்.

ஜுனைதாவின் புருஷன் மதாருக்கு ஷார்ஜாவில் ரொட்டிக் கடையில் வேலை. வாழ்நாளில் பாதியை அடுப்புக்கு முன்னால் நின்று தீர்த்தவர். முழங்கை வரைக்கும் முடி கிடையாது, எல்லாம் கருகி விழுந்துவிட்டது. மாடிக்கு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தெற்கே பார்த்துப் பெரிய ஜன்னல். வேலையை முடித்துக்கொண்டு ஊர் வந்து சின்ன மகளோடு இருந்துவிடுவது என்று அவர் எண்ணம். கடல் தெற்கே இருக்கிறது. சித்திரையில் சோளகம் கிளம்பினால் அந்தத் தென்காற்று ஒன்றுதான் அந்த ஊரில் மனிதனை உயிரோடு வைத்திருக்கும்.

யாரோ அங்கே வரைந்து கொடுத்த பிளானைப் போனில் அனுப்பியிருந்தார். தெற்குச் சுவரில் பாதிக்கு மேல் ஜன்னல். ஜுனைதா பார்த்தாள். அந்த ஜன்னலுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆசை சொல்கிற மனுஷனிடம் முதல் நாளே எதற்கு இல்லையென்பது, சுவர் எழும்பும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். சுவர் எழும்பிக்கொண்டே போனது. பேச்சு எழும்பவில்லை.

ஜன்னலுக்கு நேர் கீழே ஷரீபாவின் முற்றம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மதிலில் ஒரு கதவு உண்டு. அது பெண்கள் புழங்குகிற இடைக்கதவு. அதன் வழியாகத்தான் காலையில் இடியாப்ப மாவு போகும், மதியம் சோற்றுக்கு மீன் ஆணம் வரும், பிள்ளைகள் இரண்டு பக்கமும் தூங்கும். தெருவில் இறங்கினால் பர்தா போட வேண்டும், கதவு வழியே போனால் போட்ட துணியோடு போகலாம். வேலை தொடங்கியதிலிருந்து அந்தக் கதவு மூடியதே இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் கலவை போட்டால் கம்பி உள்ளேயே துருப்பிடித்துப் பெயர்ந்துவிடும் என்று நல்ல தண்ணீர் லாரியில் வாங்கினார்கள். அதை ஊற்றி வைக்கிற டிரம்மெல்லாம் ஷரீபா முற்றத்தில்தான் இருந்தது. ஆட்களுக்குச் சோறாக்கியதும் அங்கேதான். கல்யாணத்துக்குத் தொதல் இனிப்பு கிண்டுவதும், மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை உட்காரவைத்துச் சோறு போடுவதும் அங்கேதான் என்று பேச்சு. ஜுனைதா வீட்டில் இருபது பேர் உட்கார்ந்தால் இருபத்தோராவது ஆள் அம்மி மேல்தான் உட்கார வேண்டும்.

அன்றைக்குச் சுவர், ஜன்னலுக்கு மேலே போடுகிற லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் லிண்டல் கான்கிரீட் என்று மலையாண்டி கம்பி வளைக்கக் கீழே போயிருந்தார். சோலையம்மாள் மட்டும் மேலே நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் விட்ட இடைவெளியில் எட்டிப் பார்த்தவள் கீழே ஷரீபா பாயில் காயவைத்திருந்த நெத்திலியில் காக்கை இறங்குவதைக் கண்டாள். நல்ல மனசுக்காரி.

"ஏ ஷரீபாம்மா, காக்கா கருவாட்டத் தூக்குது பாருங்க" என்று மேலேயிருந்து கத்தினாள்.

ஷரீபா ஈரத் தலையோடு, வெறும் பாவாடையும் ரவிக்கையுமாக ஓடிவந்து காக்கையை விரட்டினாள். அப்புறம் குரல் எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்தாள். ஆகாயத்தில் ஒரு பெரிய சதுர ஓட்டை. அதற்குள் சோலையம்மாள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அங்கன எப்படி நிக்கிற நீ?"

"ஜன்னலும்மா. எம்மாம் பெரிய ஜன்னலு. உங்க வீட்டு அடுப்படி வரைக்கும் தெரியுது."

கொஞ்ச நேரத்தில் இடைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் ஷரீபா பக்கம். இழுத்துப் போட்டதில் இந்தப் பக்கத்துச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதற்கு முன்னால், காலையில் போன இடியாப்பத் தட்டு கழுவிக் கவிழ்த்து வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டிலிருந்து தட்டு வெறுமனே திரும்பி வந்தது கிடையாது. ரெண்டு பேரீச்சம்பழமாவது இருக்கும்.

யும்னாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"உம்மா, என்ன பண்ணி வச்சிருக்கிய? மாமி கதவச் சாத்திட்டாக."

"தெரியுது."

"தெரியுதுன்னா? பிளானு வந்தப்பவே உங்களுக்குத் தெரியும்ல?"

"உங்க வாப்பா கேட்டது அது ஒண்ணுதான்டி."

"வாப்பாவுக்குக் காத்து வேணும். அவுக மக ஹஸீனா இனிமே தலைக்குக் குளிச்சா எங்க காயவப்பா? வரப்போறது புது மாப்பிள்ள. எங்க இருந்து பாக்குறான்னு அந்தப் புள்ள அண்ணாந்துக்கிட்டே இருக்கணுமா?"

அஃபீஃபா மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அவரு அப்படியெல்லாம் பாக்குற ஆளு இல்ல" என்றாள்.

"உன்னைய யாரு கேட்டா? போன்ல மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுறா."

ஜுனைதா மதாருக்குப் போன் போட்டாள். ஷார்ஜாவில் அவர் மாவு ஒட்டிய கையோடு எடுத்தார். பின்னால் மிஷின் ஓடுகிற இரைச்சல்.

"லிண்டலு போட்டாச்சா?"

"நாளைக்கு. அந்த ஜன்னலு வேணாங்க."

"ஏன்?"

"கீழ ஷரீபா ராத்தா வீட்டு முத்தம்."

"முத்தம் தெக்கயா இருக்கு? தெக்க சுவருதானே."

"சுவத்துக்கு அந்தப் பக்கம்ங்க."

"நா மேக்கன்னுல்ல நெனச்சேன்."

ஜுனைதாவுக்குக் கோபம் வரவில்லை. இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்தது கிடையாது. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை. லீவில் வந்தால் தெருவாசல் வழியாக உள்ளே வருவார், தெருவாசல் வழியாகப் பள்ளிவாசலுக்குப் போவார், அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போய்விடுவார். பாராமல் பழகிய மனுஷன் பார்க்கிற மாதிரி ஒரு ஜன்னலை வைத்துவிட்டார்.

"கண்ணாடி போட்டு அடைச்சிரலாமா?" என்றார் மதார்.

"அடைச்சா காத்து எப்படி வரும்?"

"ஜாளிக் கல்லு?"

"ஓட்டையில கண்ண வச்சா எல்லாந்தான் தெரியும்."

"சரி, அடைச்சிரு" என்றார் கடைசியில். "இங்கயும் அடுப்பு, அங்கயும் அடுப்புன்னா அடுப்புதான். போகட்டும்." போனை வைத்துவிட்டார்.

மலையாண்டி கீழே கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். சோலையம்மாளைத் திட்டித் தீர்த்திருந்தார் போல. அழுது அவள் முகம் வீங்கியிருந்தது.

"காக்காய விரட்டுனது குத்தமாம்மா?" என்றாள் ஜுனைதாவைப் பார்த்ததும்.

"காக்காய விரட்டுனியா, எங்க கல்யாணத்த விரட்டுனியா சோலை?" என்றாள் ஜுனைதா. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. "நீ கத்தலன்னா சன்னல் மாட்டுனப்புறம் தெரிஞ்சிருக்கும். இன்னும் கேவலம்."

"பாயம்மா, முழுசா அடைச்சிட்டா உள்ள ஆளு இருக்க முடியாது" என்றார் மலையாண்டி. "மேல தளம், மூணு பக்கம் வெயிலு. புதுமாப்பிள்ள வெந்துருவாரு. மாத்திச் செய்யணும்னா இன்னைக்கே சொல்லுங்க. லிண்டல போட்டுட்டா என்னால ஒண்ணும் ஆகாது."

"எவ்வளவு அடைக்கணும்னு நா எப்படிச் சொல்றது? நா சொன்னா அவுக நம்பணுமே."

அவள் உள்ளே போய்ப் பர்தாவை எடுத்துப் போட்டாள். தெருவாசல் வழியாக இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. சந்து திரும்பி, பள்ளி முக்கு சுற்றி, ஷரீபா வீட்டுத் தெருவாசலுக்கு வந்தாள். மதில் வழியாகப் பார்த்தால் பத்தடி தூரத்து வீடு. அந்தத் தெருவாசலில் அவள் நின்றதே ஷரீபாவின் புருஷன் மவுத்தாகி அடக்கமான அன்றைக்குத்தான். கதவைத் தட்டினாள். அந்நிய வீட்டில் தட்டுகிற மாதிரி ஒரு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தட்டு.

ஹஸீனா திறந்தாள். "யாரு... ஜுனைதா சாச்சியா? இந்தப் பக்கமாவா வந்திய?"

"அந்தப் பக்கம் பூட்டியிருக்கே."

உள்ளேயிருந்து ஷரீபா வந்தாள். முகத்தைக் கொடுக்கவில்லை. "வாங்க. உக்காருங்க." மரியாதை கூடியிருந்தது. வா, போ என்று பேசுகிறவள். மரியாதை கூடினால்தான் அங்கே விஷயம் பெரிது.

ஜுனைதா உட்காரவில்லை. "ராத்தா, நீங்க ஒருக்கா மேல வரணும்."

"நா எதுக்கு வரணும்? எங்க வீடு உங்க சன்னல்ல இருந்து நல்லாத் தெரியுதுன்னு உங்க சித்தாளே சொல்லிட்டாளே."

"தப்புத்தான். பிளான் வந்தப்பவே எனக்குத் தெரியும். அவுகட்ட சொல்ல வாய் வரல."

"உனக்கு வாய் வரலன்னு எம்புள்ள முக்காட்டோட குளிக்கணுமா?" ஷரீபாவுக்கு மரியாதை நழுவிப் பழைய ஏக வசனம் வந்துவிட்டது. ஜுனைதாவுக்கு உயிர் வந்தது. "ஆறு மாசமா உங்க கொத்தனாரு ஏறுறேன் ஏறுறேன்னு கத்தும்போதெல்லாம் நனைஞ்ச கோழி மாதிரி உள்ள ஓடுறோம். ஒரு நாள் மூஞ்சி சுளிச்சிருப்பேனா? மாடி முடிஞ்சா இது முடிஞ்சிரும்னுதானே. இனி காலம் பூரா ஓடணும்னுல்ல கட்டி வச்சிருக்கிய."

"அதனாலதான் கூப்புடுறேன். நீங்களே வந்து நின்னு பாருங்க. எந்த மட்டத்துக்கு அடைக்கணும்னு நீங்க சொல்றதுதான். மொத்தமா அடைக்கச் சொன்னாலும் அடைச்சிருவோம். அவுகளே சொல்லிட்டாக."

"யாரு, மதார் காக்காவா?" அந்த ஊரில் அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்கள்.

"ஆமா. அடுப்புன்னா அடுப்புதான், போகட்டும்னு சொல்லிட்டு வச்சிட்டாக."

ஷரீபா முற்றத்துக்குப் போய்ப் பாயில் கிடந்த நெத்திலியைப் பொறுக்கி எடுத்தாள். காக்கை கொத்திய இரண்டைத் தனியாகப் போட்டாள்.

"படிக்குக் கைப்பிடி போட்டாச்சா?" என்றாள்.

"இல்ல."

"விழுந்து செத்தா நீதான் ஜனாஸாவுக்குச் செலவு பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் பர்தாவை எடுத்தாள்.

மலையாண்டியை டீக் கடைக்கு அனுப்பினார்கள். சோலையம்மாள் முன்னால் ஏறிக் கையைப் பிடித்துக்கொண்டாள். யும்னா பின்னால் முதுகைத் தாங்க, ஜுனைதாவும் அஃபீஃபாவும் அவர்களுக்குப் பின்னால் ஏறினார்கள். ஷரீபா ஒவ்வொரு படிக்கும் ஒரு பிஸ்மி சொல்லி ஏறினாள். மேலே வந்ததும் பர்தாவின் மூச்சு முட்டலில் அதைக் கழற்றி யும்னாவிடம் கொடுத்தாள். யும்னா அதைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். பூசாத சுவர், காலெல்லாம் சிமெண்டுத் தூள், சாக்கு நனைந்த வாடை. தெற்குச் சுவரின் பெரிய ஓட்டையில் போய் ஷரீபா நின்றாள்.

முதலில் கீழேதான் பார்த்தாள். அவள் முற்றம். தண்ணீர் டிரம், பாய், அடுப்பு, அம்மிக்குப் பக்கத்தில் யாரும் எடுக்காமல் கிடக்கிற ஒற்றைச் செருப்பு. ஹஸீனா தலைமுடியை முன்னால் போட்டுச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, எல்லாந்தான் தெரியுது."

"அதான் சொன்னேன்" என்றாள் ஜுனைதா.

அப்புறம் அவள் நிமிர்ந்தாள். அவள் வீட்டு ஓட்டுக்கும் அடுத்த தெரு மாடிகளுக்கும் மேலே கடல் கிடந்தது. காலை மீன்பிடி முடித்த வள்ளங்கள் ஓரமாக நின்றன. காற்று நேராக வந்து முகத்தில் அடித்து, தாவணியை இழுத்தது. அந்த வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே பிள்ளை பெற்று, இரவெல்லாம் கடல் சத்தத்தைக் கேட்டவள். வீட்டிலிருந்து அதைப் பார்த்ததில்லை.

"கடலு இம்புட்டுக் கிட்டத்துலயா இருக்கு?" என்றாள்.

அவள் அவசரப்படவில்லை. காற்றில் காய்கிற மாதிரி அப்படியே நின்றாள். வியர்த்த கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத்தமா அடைக்க வேணாம்" என்றாள் கடைசியில். "மதார் காக்கா அடுப்புக்கு முன்னாடி நின்னது போதும். ஆளு தலைக்கு மேல தொறந்து விடுங்க. உங்க மாப்பிள்ள எத்தன ஒசரம்?"

எல்லோரும் அஃபீஃபாவைப் பார்த்தார்கள்.

"என்னையப் பாத்தா? நா என்ன அளந்தா பாத்தேன்? போன்ல உக்காந்துக்கிட்டுத்தான் பேசுவாரு."

"கேளுடி."

"எப்படிக் கேக்குறது?"

"ஒசரம் என்னன்னு கேளு. சுவத்துக்குன்னு சொல்லாத."

அஃபீஃபா திரும்பி நின்று செய்தி அனுப்பினாள். உடனே பதில் வந்தது. படித்துவிட்டு முகம் சிவந்தாள். யும்னா போனைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்.

"ஆறடிக்கு ஒரு இஞ்சு கம்மி. ஏன், கோட்டுத் தைக்கவா?"

சோலையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு மேல ஒரு முழம் போடுங்க. எம்பிப் பாத்தா?" என்றாள் ஷரீபா.

"அவரு எம்ப மாட்டாரு மாமி."

"கல்யாணத்துக்கு முந்தி எவனும் எம்ப மாட்டான்டி."

அஃபீஃபாவே சிரித்துவிட்டாள். சோலையம்மாள் பாண்டைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினாள். ஷரீபா "இன்னும் மேல, இன்னும்" என்று சொல்லச் சொல்லக் கையை உயர்த்தி, செங்கல் துண்டால் இரண்டு பக்கத்துச் சுவரிலும் கோடு கிழித்தாள். அதற்கு மேலே தளம் வரைக்கும் சுவரின் முழு நீளத்துக்குத் திறந்து விடலாம், தனி லிண்டல் வேண்டாம், தளத்தின் உத்திரமே அதைத் தாங்கிக்கொள்ளும் என்று மலையாண்டி டீக் கடையிலிருந்து போனில் சொன்னார். நீளம் கூடினால் காற்று குறையாது, மேலால் வந்து ரூம் முழுக்கச் சுத்தும் என்றும் சொன்னார். திரும்பி வரலாமா, டீ குடித்தே வயிறு ஊதிவிட்டது என்றும் கேட்டார். இன்னொரு டீ குடிக்கச் சொன்னாள் யும்னா.

ஜுனைதா மதாரை வீடியோவில் கூப்பிட்டாள். ஷரீபா சட்டென்று விலகிச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"என்ன, அடைச்சாச்சா?" மதார் முகம் தெரிந்தது. அடுப்பு வெளிச்சத்தில் சிவந்திருந்தது.

"இல்ல. இருங்க, காட்டுறேன்."

அவள் பாண்டின் மேல் ஏறி நின்று, சோலையம்மாள் கிழித்த கோட்டுக்கு மேலாகப் போனைத் தூக்கிப் பிடித்தாள். வானம் தெரிந்திருக்கும். இரண்டு மூன்று பருந்து தெரிந்திருக்கும். வேறு ஒன்றும் தெரிந்திருக்காது.

"இம்புட்டுத்தான் உங்களுக்கு. சம்மதமா?"

போனில் காற்று மோதிக் கரகரத்தது. அவர் ஏதோ சொன்னது அதில் கேட்கவில்லை. அவள் இறக்கிக் காதில் வைத்தாள்.

"காத்துதானே அது? சத்தம் அதுதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதேதான்."

"அப்ப சம்மதம். இன்னும் செத்த நேரம் அங்கன பிடி."

அவள் பிடித்தாள். கை வலிக்கிற வரைக்கும் பிடித்துவிட்டு வைத்தாள்.

சோலையம்மாள் கலவை குழைக்கத் தொடங்கினாள். இன்றைக்கே நாலு வரிசை ஏற்றிவிட்டால் நாளைக்கு மட்டம் பார்க்கச் சௌகரியம் என்றாள். ஜுனைதா ஓட்டையின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"இத அடைச்சா நாமளும் கடலப் பாக்க முடியாது ராத்தா."

"ஒரு ஸ்டூலப் போட்டு ஏறிப் பாத்துக்க."

"ஸ்டூலு இருந்தா மாப்பிள்ளையும் ஏறுவாரே."

"அதனால ஸ்டூலு எங்க வீட்டுல இருக்கும். கடலு பாக்கணும்னா வந்து கேட்டு வாங்கிட்டுப் போங்க. நானும் கூட வருவேன்."

சொல்லிவிட்டு ஷரீபா இறங்கத் திரும்பினாள். பர்தா கீழே கிடந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவைச் சுற்றிப் போவதை நினைத்துப் பார்த்திருப்பாள் போல. திரும்பவும் ஓட்டைக்கு வந்து, இரண்டு கையையும் செங்கலில் ஊன்றிக் கீழே குனிந்தாள்.

"ஏய் ஹஸீனா. இடைக்கதவுத் தாழ்ப்பாள எடுத்து விடுடி. எனக்குச் சுத்தி வர ஏலாது."

ஹஸீனா சீப்பும் கையுமாக எழுந்து நின்றாள். குரல் எங்கிருந்து வருகிறதென்று தேடி அடுப்படியைப் பார்த்தாள், தெருவாசலைப் பார்த்தாள், டிரம்முக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தாள். மேலே மட்டும் பார்க்கவில்லை.